புலப்படாக் குறிகளும் எழுத்தின் அடையாளமும்: செல்பேசித் திரையில் மலையாளம், தமிழ், இமோஜி

திருவனந்தபுரத்துக் கிழக்கேகோட்டை இரு மொழிகள் அருகருகே புழங்கும் இடம். கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலும் சுவாதித் திருநாள் (ஆட்சி 1829-1846) கட்டிய குதிரை மாளிகையும் உள்ளன. கோட்டைக்கு வெளியே, தமிழ் வணிகர் பல தலைமுறைகளாகக் கடை நடத்திவரும் சாலைக் கடைத்தெரு. ஆ. மாதவனின் கடைத்தெருக் கதைகளுக்கு விளைநிலம் இத்தெருவே. இங்குள்ள ஒருவரின் செல்பேசிக்கு ஒரே நாளில் மலையாள முகவரி ஒன்றும், தமிழில் ஒரு சரக்குப் பட்டியலும், இவற்றுக்கிடையே நாலைந்து இமோஜிகளும் வந்து சேர்வது இயல்பு. இம்மூன்றையும் திரையில் வரைவது ஒரே பொறியமைவு; மூன்றுக்கும் அது பயன்படுத்தும் கருவிகள் சிலவும் பொதுவானவை. மூன்றையும் அது ஒரே அக்கறையுடன் நடத்துகிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. எழுத்துருத் தொழில்நுட்பம் பற்றியதாக இவ்வினா தோன்றினும், இதன் உள்ளீடு மொழியியல் சார்ந்தது. எழுத்து வேறுபாடு எது, வடிவ வேறுபாடு எது, இரண்டையும் பிரித்தறியும் பொறுப்பு யாருடையது என்பவை இதனுள் அடங்கும்.

ஒரு பெயர், பல சரங்கள்

கோயிலைப் புதுப்பித்து, 1750இல் தம் நாட்டைப் பத்மநாபனுக்கு அர்ப்பணித்தவர் மார்த்தாண்டவர்மா. அவருடைய பெயரை மலையாளத்தில் எழுதும்போது உயிரற்ற ரகரம் இரண்டு இடங்களில் வருகிறது. சுவாதித் திருநாளின் பெயர் உயிரற்ற ளகரத்தில் முடிகிறது. தமிழில் இத்தகைய இடங்களில் எழுத்தின் தலையில் புள்ளி இட்டால் போதும். மலையாளத்தில் ண், ன், ர், ல், ள் என்னும் ஐந்து மெய்களுக்கும், அருகிய வழக்காகக் ககர மெய்க்கும், உயிரற்ற நிலையைக் காட்டத் தனி வரிவடிவம் உண்டு. அவ்வடிவமே சில்லு. பிற மெய்களின் உயிரின்மையைச் சந்திரக்கலை என்னும் பிறைக்குறி காட்டும்.

ஒருங்குறியில் சில்லுகளுக்குத் தொடக்கத்தில் தனிக் குறியெண் இல்லை. மெய்யெழுத்து, சந்திரக்கலை, அதன்பின் கண்ணுக்குப் புலப்படாத குறி ஒன்று என மூன்றையும் வரிசையாக இட்டால், எழுத்துரு அவற்றைச் சேர்த்துச் சில்லாக வரையும் என்பது அக்கால ஏற்பாடு. அந்தப் புலப்படாக் குறியை 'அகலமற்ற இணைப்பான்' எனலாம். அதற்கு வடிவம் இல்லை. வரியில் இடமும் இல்லை. அண்டை எழுத்துகள் இணைப்புக்குரிய வடிவத்தை ஏற்க வேண்டும் என்று, எழுத்தை வரையும் நிரலுக்கு இடப்படும் ஏவல் மட்டுமே அது. இதற்கு எதிரான ஏவலைத் தருவது 'அகலமற்ற இணைப்புத்தடை'. 2008 ஏப்ரலில் வெளிவந்த ஒருங்குறி 5.1ஆம் பதிப்பு ஆறு சில்லுகளுக்கும் தனித்தனிக் குறியெண் வழங்கியது. அடுத்த எழுத்தின் தலைமேல் புள்ளியாக ஏறும் பழைய ரகர வடிவம் 2010இல் 6.0ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

இதன் விளைவை மன்னரின் பெயரிலேயே காணலாம். உயிரற்ற ரகரத்தைப் பழைய மூவுறுப்புத் தொடராகவும், தனிச் சில்லாகவும், தலைப்புள்ளி ரகரமாகவும் எழுத இன்று வழி உண்டு. பெயரில் அது வரும் இடங்கள் இரண்டு. ஆகவே ஒரே பெயர் ஒன்பது வெவ்வேறு சரங்களாகச் சேமிக்கப்படலாம். முதலிரு வகைகளுக்கும் திரையில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடே இல்லை. பழைய தொடரும் புதிய சில்லும் சமமானவை என்று தரத்தில் விதிக்கப்படவில்லை. பெரிய தேடுபொறிகள் தம் பொறுப்பில் இவற்றைச் சமன்செய்துகொள்ளக்கூடும். ஆனால் சரத்தை உள்ளபடியே ஒப்பிடும் ஒரு சிறு செயலியோ, நூலகப் பட்டியலோ, மொழிபெயர்ப்பாளரின் சொற்சேமிப்போ அவ்வாறு செய்வதில்லை. வாசகர் பெயரைப் பார்க்கிறார். பொறி 'இல்லை' என்கிறது.

சில்லு விவாதமும் அதன் தீர்ப்பும்

தனிக் குறியெண் வேண்டுமா என்ற விவாதம் 2008க்கு முந்தைய ஆண்டுகளில் மலையாள எழுத்தியலில் கடுமையாக நிகழ்ந்தது. மலையாளத்தின் மரபெழுத்தை மீட்கும் நோக்குடன் 1999இல் தொடங்கப்பட்ட 'ரசனா' குழுவினர் தனிக் குறியெண்ணை எதிர்த்தனர். சில்லு என்பது மெய்யின் ஒரு வடிவமே, தனியெழுத்து அன்று, அதற்குத் தனிக் குறியெண் அளித்தால் ஒரே சொல்லுக்கு இரு எழுத்துக்கூட்டுகள் உருவாகும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மறுதரப்பினர் முன்வைத்த எடுத்துக்காட்டு இன்றும் நினைக்கத்தக்கது. வகரமும், உயிரற்ற னகரமும், தொடர்ந்து 'யவனிக' என்பதும் வரும் சரத்தில் னகரம் சில்லாக நின்றால் அது 'வன் யவனிக', அதாவது பெருந்திரைச்சீலை. னகரமும் யகரமும் கூட்டெழுத்தானால் அது 'வன்ய வனிக', அதாவது காட்டுச் சோலை. பழைய ஏற்பாட்டில் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தியது புலப்படாத ஒற்றைக் குறி மட்டுமே.

இவ்வெடுத்துக்காட்டு செயற்கையானது என்று கூறப்பட்டதுண்டு. அன்றாட மலையாளத்தில் இத்தகைய சொல்லிணைகள் மிகச் சிலவே என்பதும் உண்மை. எனினும் மொழியியல் நோக்கில் எண்ணிக்கை இங்குத் தீர்மானிப்பதன்று. ஒரு குறியை நீக்கினால் சொல் மாறுகிறது என்றால், அக்குறி வடிவ அலங்காரம் அன்று, எழுத்துக்கூட்டின் உறுப்பு. ஒலியனியலில் குறைந்தவேறுபாட்டு இணை ஒன்று கிடைத்தாலே ஒலியன் வேறுபாடு நிறுவப்படுவதைப் போன்றதே இதுவும். அவ்வாறான உறுப்பைப் பிற நிரல்கள் புறக்கணிக்கத்தக்க ஒன்றாக ஏற்றிவைத்ததே தொடக்கப் பிழை. 2008ஆம் ஆண்டு முடிவு இப்பிழையைத் திருத்தியது. ஆனால் பழைய சரங்களோடு புதியவற்றுக்குள்ள உறவை வரையறுக்காமல் விட்டதால், எதிர்த்தோர் அஞ்சிய இரட்டை எழுத்துக்கூட்டும் உண்மையாயிற்று. கொள்கையில் ஒரு தரப்பும் விளைவில் மறுதரப்பும் வென்ற விவாதம் இது எனலாம்.

புலப்படாக் குறிகள் உண்மையில் புறக்கணிக்கப்பட்டனவா என்ற ஐயம் எழக்கூடும். இணையத்தள முகவரிகளில் பிறமொழி எழுத்துகளை அனுமதிக்க 2003இல் வகுக்கப்பட்ட விதிகள் அகலமற்ற இணைப்பானையும் இணைப்புத்தடையையும் சுவடின்றி நீக்கின. சிங்களத்தில் இலங்கை நாட்டுப் பெயரின் முன்னொட்டான 'ஸ்ரீ' என்பதை முறையான கூட்டுவடிவில் எழுத இணைப்பான் இன்றியமையாதது. ஆக, ஒரு நாடு தன் பெயரையே தன் எழுத்தில் முகவரியாகச் சரிவர எழுத முடியாத நிலை அவ்விதிகளால் உண்டாயிற்று. குறிப்பிட்ட எழுத்துச் சூழல்களில் மட்டும் இக்குறிகளை அனுமதிக்கும் திருத்த விதிகள் 2008ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தன. பயனர் பெயர்களையும் தேடற்சொற்களையும் 'துப்புரவு' செய்யும் செயலி நிரல்கள் சிலவற்றில் பழைய மனப்பான்மை இன்னும் தொடர்கிறது. கண்ணுக்குத் தெரியாதது தேவையற்றது என்பதே அம்மனப்பான்மை.

இமோஜிக்குக் கிடைத்த கவனம்

ஜப்பானியச் செல்பேசிகளில் 1990களின் இறுதியில் பரவிய இமோஜிகள் 2010இல் 6.0ஆம் பதிப்பின் வழி ஒருங்குறியில் நிலைபெற்றன. மன்னர் பெயரின் தலைப்புள்ளி ரகரம் நுழைந்ததும் இதே பதிப்பில்தான். இமோஜிகளின் தோற்றத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுவனவும் புலப்படாக் குறிகளே. முதலாவது வடிவத் தேர்வுக்குறி. இதயம், பதிப்புரிமைக் குறி முதலியவற்றின் பின் இதன் ஒரு வகையை இட்டால் அவை வண்ணப் படமாகும். மற்றொரு வகையை இட்டால் கறுப்பு வெள்ளை எழுத்தாகவே நிற்கும். இரண்டாவது, மலையாளச் சில்லை ஆக்கிய அதே அகலமற்ற இணைப்பான். ஆண், பெண், சிறுமி, சிறுவன் ஆகிய நான்கு படங்களை அது கோத்தால் ஒரு குடும்பப் படம் உருவாகிறது.

இணைப்பான் உதிர்ந்தால் என்ன நேரும் என்பதை ஒப்பிடுவது பயனுள்ளது. குடும்பப் படம் நான்கு முகங்களாகப் பிரிந்து நிற்கும். பொருள் ஏறத்தாழ அப்படியே விளங்கும். பழைய தொடரில் எழுதிய மலையாளச் சொல்லோ வேறு எழுத்துக்கூட்டாகும்; சில இடங்களில் வேறு சொல்லே ஆகும். அதாவது இழப்பு பெரிதாகும் இடம் எழுத்து. சிறிதாகும் இடம் படம். ஆனால் செயலி ஆக்குவோரின் கவனம் இதற்குத் தலைகீழாக அமைந்தது. ஆண்ட்ராய்டில் 2017இல் கூகுள் அளித்த 'இமோஜி கம்பேட்' என்னும் நிரல்தொகுதியின் நோக்கம், பழைய செல்பேசிகளிலும் புதிய இமோஜிகள் வெற்றுக் கட்டங்களாகத் தோன்றாமல் காப்பது. வேண்டிய எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டு, உரையில் வரும் ஒவ்வொரு இமோஜியையும் அது அடையாளம் கண்டு வரைந்துவிடும். இதே ஏற்பாட்டை அருகிய எழுத்துகளுக்கும் செய்யத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. செய்ய வேண்டும் என்று எவரும் நெருக்கவில்லை என்பதே உண்மை.

எழுத்தை வரையும் நிரல்கள் இந்திய எழுத்துகளை எவ்வளவு அரைகுறையாகச் சோதித்திருந்தன என்பதை 2018 பிப்ரவரி காட்டிக்கொடுத்தது. ஜகரம், தெலுங்கு மெய்க்குறி, ஞகரம், இணைப்புத்தடை, ஆகார உயிர்க்குறி என்னும் ஐந்து குறியெண்களின் தொடர் ஒன்று ஐபோனுக்கு வந்தால், அதைக் காட்ட முயன்ற செயலி நிலைகுலைந்து மூடிக்கொண்டது. வங்காள எழுத்தின் சில தொடர்களிலும் இதே கேடு காணப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் அம்மாதம் 19ஆம் நாள் ஐஓஎஸ் 11.2.6 பதிப்பின் வழி இதைச் சரிசெய்தது. செய்தித்தாள்கள் இந்நிகழ்வுக்கு இட்ட தலைப்பு நோக்கத்தக்கது: 'ஒற்றைத் தெலுங்கு எழுத்து ஐபோனை முடக்குகிறது.' முடக்கியது தெலுங்கு எழுத்து அன்று. அதை வரையத் தெரியாத நிரல். அதுவும் 'ஒற்றை எழுத்து' அன்று. பயனர் காண்பது ஒன்று, பொறி எண்ணுவது ஐந்து. எழுத்தென்பது யாது என்ற பழைய இலக்கண வினா செய்தித் தலைப்பொன்றில் எவரும் அறியாமல் தவறாக விடையிறுக்கப்பட்டது.

இமோஜிகளில் எல்லாம் செம்மையாக உள்ளது என்பதும் இல்லை. கைத்துப்பாக்கிப் படத்தை ஆப்பிள் 2016இல் நீர்த்துப்பாக்கி ஆக்கியது. கூகுள் முதலியன 2018இல் பின்தொடர்ந்தன. எக்ஸ் தளம் 2024இல் மீண்டும் மெய்த்துப்பாக்கிக்குத் திரும்பியது. அனுப்பியவர் விளையாட்டாக இட்ட படம் பெற்றவர் திரையில் மிரட்டலாகத் தோன்ற வாய்ப்பிருந்தது. குறியெண் ஒன்றே, வரைந்த கை வேறு. பழைய உரையாடல் ஒன்றைச் சான்றாக மொழிபெயர்க்க நேர்பவர், எந்த ஆண்டில், எந்தச் செல்பேசியில் அது எழுதப்பட்டது என்று கேளாமல் இப்படத்தைச் சொல்லாக்க இயலாது. வடிவத் தேர்வுக்குறி இங்கு உதவாது. அது வண்ணமா, எழுத்தா என்பதை மட்டுமே கட்டுப்படுத்தும். எத்தகைய படம் என்பதைக் கட்டுப்படுத்தாது. ஓங்காரத்திலும் இதே குறை உண்டு. வண்ண இமோஜியாக உள்ள ஓங்காரம் தேவநாகரி வடிவினது. தமிழ் ஓங்காரமாகிய ௐ 2008இல் தனி எழுத்தாகச் சேர்க்கப்பட்டது. முன்னதைப் பின்னதாக மாற்றிக்காட்டும் குறி எதுவும் இல்லை.

தமிழில்

தமிழ் எழுத்தில் புள்ளி வெளிப்படையானது. கூட்டெழுத்துகள் மிகச் சில. ஆகவே இச்சிக்கல் தமிழுக்கு இல்லை என்ற எண்ணம் பரவலாக உண்டு. முழுதும் அவ்வாறன்று. க், ஷ ஆகிய இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பெரும்பாலான எழுத்துருக்கள் அவற்றைக் கூட்டெழுத்தாக வரைந்துவிடும். 'ரிக்ஷா' என்று கூட்டாமல் 'ரிக்‌ஷா' என்று பிரித்துக் காட்ட விரும்பும் இதழ்கள் இடையில் இணைப்புத்தடையை இடுகின்றன. படிப்போருக்கு இரண்டும் ஒரே சொல், தேடுவோருக்கு இரண்டு. 'ஸ்ரீ' என்பதன் நிலை இன்னும் நுட்பமானது. தொடக்கத்தில் அது ஸகரத்தை அடியாகக் கொண்டு ஏற்றப்பட்டது. 2005இல் ஒருங்குறி 4.1ஆம் பதிப்பில் ஶகரம் சேர்க்கப்பட்ட பின், அதை அடியாகக் கொண்ட எழுத்துக்கூட்டே முறையானது எனப்பட்டது. பழைய சரங்கள் மறையவில்லை. எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் வரைகின்றன. கிழக்கேகோட்டைக் கோயிலின் பெயரை 'ஸ்ரீ' என்ற அடைமொழியுடன் தமிழில் எழுதும் இருவர் அறியாமலே இரு வேறு பெயர்களை எழுதியிருக்கக்கூடும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை வலியுறுத்த வேண்டும். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை முதலிய வளைகொம்பு வடிவங்களுக்கு ஒருங்குறியில் தனிக் குறியெண் இல்லை. அவை வேண்டுமெனில் அவ்வாறு வரையும் எழுத்துருவைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 1971ஆம் ஆண்டு மலையாள எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்துகளின் நிலையும் இதுவே. இது குறை அன்று, சரியான முடிவு. பழைய லை, புதிய லை இரண்டும் சொல்லை மாற்றுவதில்லை. எனவே வேறுபாடு எழுத்துருவில் இருப்பதே முறை. ஆனால் செல்பேசிச் செயலிகளில் எழுத்துருவைத் தேரும் உரிமை பயனருக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவதில்லை. நிறுவனம் பொருத்தியதே எழுத்துரு. அது காட்டுவதே வடிவம். 1940களின் நூலொன்றை அதன் எழுத்தழகு மாறாமல் மறுபதிப்பிட எண்ணும் பதிப்பாளருக்கு இது வெறும் அழகியல் சிக்கலாக இராது.

கவனத்தின் ஏற்றத்தாழ்வுக்கு 2019ஆம் ஆண்டே நேரிய சான்று. அவ்வாண்டு மார்ச்சில் வெளியான 12ஆம் பதிப்பில் இந்துக் கோயில், ஆட்டோ ரிக்‌ஷா, அகல்விளக்கு, புடவை ஆகிய இமோஜிகள் சேர்க்கப்பட்டன. அதே பதிப்பில் தமிழுக்கான துணைக்கட்டம் ஒன்றும் 51 குறிகளுடன் சேர்ந்தது. முந்திரி (1/320) முதலான பின்னங்கள், உழக்கு, குறுணி, பதக்கு முதலிய அளவைகள், காசு, பணம், பொன், வராகன், நன்செய், புன்செய் முதலியவற்றுக்கு ஓலைகளிலும் கணக்கேடுகளிலும் வழங்கிய குறிகள் அவை. அவ்வாண்டு முடிவதற்குள் கோயில் இமோஜி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வந்துவிட்டது. துணைக்கட்டக் குறிகளுக்குப் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் இன்றும் வடிவம் இல்லை. 'நோட்டோ' வரிசையில் உள்ளது போன்ற தனி எழுத்துருவை நாட வேண்டியுள்ளது. வந்த கோயில் படமும் பெரும்பாலும் வட இந்தியச் சிகரத்தை ஒட்டியே வரையப்பட்டுள்ளது. கிழக்கேகோட்டையில் எதிரே நிற்கும் ஏழுநிலைக் கோபுரத்தை அதில் தேடிப் பயனில்லை.

ஓலையிலிருந்து திரைக்கு

கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எனப் பல எழுத்துகளில் அமைந்த ஓலைகள் அங்குள்ளன. கோயிலின் மதிலகம் ஆவணங்களும் இத்தகைய பல்லெழுத்துத் தன்மை உடையவை. இவற்றை எழுத்துப்பெயர்ப்போர் எதிர்கொள்ளும் முதல் தடை புள்ளியின்மை. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி விதித்திருந்தும், ஓலையில் எழுதியோர் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். ஓலை கிழியும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகக் கூறப்படும். எழுதாத புள்ளியைப் படிப்பவர் தம் மொழியறிவால் இட்டுக்கொண்டார். அங்கே குறி இல்லை, வேறுபாடு படிப்பவரிடம் உண்டு. செல்பேசியில் குறி உண்டு, அதைப் படிப்பவர் காண இயலாது. பின்னது முன்னதைவிட இடர் மிக்கது. ஏனெனில் ஓலையைப் படிப்பவர் ஐயம் எழுந்தால் ஏட்டை மீண்டும் நோக்கித் தெளியலாம். திரையை எத்தனை முறை நோக்கினும் இணைப்பான் தென்படாது.

ஆகவே இத்தகைய பனுவல்களை ஏற்றுவோர் சிலவற்றை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும். மலையாளச் சில்லுகளுக்குத் தனிக் குறியெண்களையே ஆளுதல், பழைய தொடர்களைச் சேமிக்கும் முன்பே மாற்றிவிடுதல், 'ஸ்ரீ'க்கு ஓர் எழுத்துக்கூட்டை வரையறுத்து அதைப் பதிப்புரையில் வெளிப்படையாகக் கூறுதல் ஆகியவை எளியன. மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்தும் சொற்சேமிப்புகளையும் இவ்வாறே ஒருமுறை சமன்செய்யலாம். இதற்கு நிரலர் ஒருவரின் அரைநாள் உழைப்பு போதும். எவற்றைச் சமமாகக் கொள்வது என்று முடிவுசெய்ய மொழியறிந்தவர் வேண்டும்.

எளிதில் முடியாததும் ஒன்று உண்டு. கணக்கோலைகளில் அடிக்கடி வரும் 'ஒரு மா' என்னும் பின்னத்தின் மதிப்பு 1/20. மலையாள மரபிலும் தமிழ் மரபிலும் பெயர் ஒன்று, மதிப்பும் ஒன்று. ஒருங்குறியில் அது மலையாளப் பின்னமாக 2016இல் 9ஆம் பதிப்பிலும், தமிழ்ப் பின்னமாக 2019இல் 12ஆம் பதிப்பிலும் தனித்தனியாக இடம்பெற்றுள்ளது. இரு மொழியும் கலந்து ஓடும் ஓலையொன்றை ஏற்றுபவர், நெல்லளவுக்கு முன்னுள்ள அந்தச் சிறு குறியைத் தட்டுவதற்கு முன், அவ்வரி தமிழா மலையாளமா என்று தீர்ப்புக் கூற வேண்டியிருக்கிறது. ஓலையை எழுதிய கணக்கரிடம் அக்கேள்வியை எவரும் கேட்டதில்லை.